பாத்திரம் விழுந்தால் கேட்கிற வீடு

என் கணவருக்கு அடுக்குமாடி என்றாலே ஆகாது. "ஒரு டம்ளர் கீழ விழுந்தா நாலு வீட்டுக்குக் கேக்கும். அதெல்லாம் ஒரு வீடா?" என்பார். இரண்டு பேருக்கும் தாம்பரத்தில் ஆசிரியர் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் வந்தது, நடந்தே போய் வரலாம். மனிதர் கேட்டால்தானே! மனை விற்கிறவர்கள் வேனில் ஏற்றிக் கூடுவாஞ்சேரி தாண்டிக் கொண்டுபோய்ப் பிரியாணி போட்டார்கள். சாப்பிட்ட கையோடு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, "சொந்த மண்ணு" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு கட்டிக் குடிபோனோம். சுற்றியிருந்த மனைகளை வாங்கியவர்கள் மூலைக்கு மூலை கல் நட்டுவிட்டு, விலை ஏறட்டும் என்று போய்விட்டார்கள். சீமைக்கருவேலம்தான் குடிவந்தது. வயலை எல்லாம் மனையாக்கி ஊர் நீண்டுகொண்டே போனதே தவிர, ஆள் சேரவில்லை. ஆள் இல்லாத இடத்துக்குக் கடையும் பஸ்ஸும் டாக்டரும் எதற்கு வரப்போகிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். துணி உலர்த்தப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொடிக்கு அடியிலேயே சரிந்தார். தெருவில் போய் நின்று கத்தினேன். நட்டு வைத்த கற்களைத் தவிர அங்கே யார் இருந்தார்கள்?

ஆம்புலன்ஸ்காரர் போனில், "பக்கத்துல எதுனா கடை, கோயில் இருக்குதாம்மா? அடையாளம் சொல்லு" என்றார். முள்ளுச்செடியையா அடையாளம் சொல்வது? அவர்கள் தேடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கம்பக்கம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. தூக்க இன்னொரு கையாவது இருந்திருக்கும்.

இப்போது தாம்பரத்தில் வாடகை ஃபிளாட். மேல்வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டுச் சண்டை, எல்லாம் என் கூடத்துக்குள்தான். 'தனி வீடுதான் வசதி' என்று யாராவது ஆரம்பித்தால் சண்டைக்கே போய்விடுவேன்.

போன வாரம் கை தவறிக் குக்கர் விழுந்தது. எடுத்து வைப்பதற்குள் காலிங்பெல் அடித்தது. கீழ்வீட்டுப் பெண், கையெல்லாம் சப்பாத்தி மாவு.

"இன்னாக்கா, டமால்னு சத்தம் கேட்டுச்சு! விழுந்துட்டியா?"

"இல்லம்மா, குக்கர்தான்."

"நல்லா பயமுறுத்துன போ" என்று திட்டிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்தினேன். "நாலு வீட்டுக்குக் கேக்கும்னீங்களே, கேட்டுதுங்க" என்று அவர் படத்திடம் சொன்னேன். சொன்னதும் அடக்க முடியாமல் வாய்விட்டு அழுதேன். அதுவும் கீழே கேட்டிருக்கும். கேட்கட்டும்.