சாமை மில் போர்டும் நான் சேர்த்த ஒன்பது வரியும்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து ஒரு சாமை மில் நடத்துகிறார்கள். அங்கே எனக்குப் பெயர் 'சார் வூட்டம்மா'. என் வீட்டுக்காரர் இங்கே பள்ளிக்கூட வாத்தியார், அதனால். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர்களுக்கு விளக்க இரண்டு வருடம் பிடித்தது. ஆலங்காயத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. சம்பளம் இல்லை என்று சொன்ன இடத்திலேயே அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

வேலை இதுதான். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாகத் தரும் ஒரு கூட்டத்தில், உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டுகளுக்கான பூட்லோடரைப் பேக்கேஜாகக் கட்டித் தருவது என் பங்கு. கரண்ட் வந்ததும் போர்டில் முதலில் கண்விழிப்பது பூட்லோடர். அது மெமரியைத் தட்டி எழுப்பும், லினக்ஸைக் கூப்பிட்டுவிடும், பிறகு ஒதுங்கிக்கொள்ளும். போர்டுக்குப் போர்டு மெமரி வேறு என்பதால் பூட்லோடரும் வேறு. மாற்றிப் போட்டால் போர்டு மூச்சுவிடாது.

அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேக்கேஜ் புதிய பூட்லோடரைக் கொண்டுவந்து ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். அதை மெமரி கார்டில் எழுதுவது போர்டுக்குச் சொந்தக்காரர் செய்யவேண்டிய வேலை. எனக்கு இந்த வழக்கத்தைக் கண்டாலே எரிச்சல். வீடு வரைக்கும் கொண்டுவந்த சாமானை வாசலில் போட்டுவிட்டு ஓடுவானேன்?

மில்லில் எடை மிஷினையும் லேபிள் பிரிண்டரையும் ஒரு சின்னத் தொடுதிரையையும் ஓட்டுவது இப்படி ஒரு போர்டுதான். நான்தான் மாட்டிக்கொடுத்தேன். குழுத் தலைவி அக்கா பாவம், கட்டளையெல்லாம் அடித்துக்கொண்டிருப்பாரா என்று நானாகவே நினைத்துக்கொண்டு, மில்லுக்கென்று தனியாக ஒரு பேக்கேஜ் கட்டினேன். அதில் ஒன்பது வரி புரோகிராம் சேர்த்தேன். புதிய பூட்லோடர் வந்தால் யாரையும் கேட்காமல் தானாகவே கார்டில் எழுதிக்கொள்ளும். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

தை மாதம் ஒருநாள் காலையில் அக்காவிடமிருந்து போன்.

"ஏம்மா, போர்டுல வெளக்கு மட்டும் எரியுது, வேற ஒண்ணும் வர்ல. லேபிளே அடிக்க மாட்டேங்குது. மதியம் லாரி வந்துடும், சீக்கிரம் வாம்மா."

குழுவுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது. போளூருக்குப் போகவேண்டிய மூட்டைகள். லேபிள் ஒட்டாத மூட்டையைத் தொடமாட்டோம் என்று வாங்குகிறவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அன்று தவறினால் மறுபடி இந்த மலைப் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஸ்கூட்டியில் பறந்தேன். லேப்டாப்பைப் போர்டோடு கேபிளால் இணைத்துப் பார்த்தால், திரையில் ஓர் எழுத்து கிடையாது. கரண்டைத் திட்டினேன். கேபிளைத் திட்டினேன். போர்டு செய்தவனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "சார் வூட்டம்மா மந்திரிக்கிறாங்கடி, சும்மா இருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சாய்ந்தரம் அப்டேட்டுன்னு ஏதோ ஓடுச்சும்மா" என்றார்.

"அதுல ஒண்ணும் இருக்காதுக்கா. அது நான் கட்டுனது."

வாய்க்கொழுப்பைப் பாருங்கள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது நீ மாட்டுன போர்டு இல்லியே" என்றார். "அது ஐப்பசி மாசம் இடி வுழுந்து போய்ட்ச்சு. நானே வேலூர் போய் புதுசு வாங்கியாந்தேன். கடக்கார தம்பி பழைய கார்டுலயே இதுக்கு வேண்டியத மட்டும் மாத்தி எழுதிக் குடுத்துச்சு. நேத்து வரிக்கும் நல்லாதான் ஓடுச்சு."

போர்டைப் புரட்டிப் பார்த்தேன். அதே நிறம், அதே அளவு. அச்சிட்ட எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு. மெமரி வேறு ரகம். என் ஒன்பது வரி, செத்துப்போன பழைய போர்டின் பூட்லோடரைக் கொண்டுவந்து இதன் தலையில் எழுதியிருக்கிறது.

"போர்டு மாத்துனத என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா?" என்று எகிறினேன்.

"நீ எங்கம்மா கேட்ட?" அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? எங்க மிஷினுதான அது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுதுவதைச் சொந்தக்காரரிடமே விடும் அந்த வழக்கம் ஏன் இருக்கிறது என்று இத்தனை வருடம் பேக்கேஜ் கட்டியும் எனக்கு உறைக்கவில்லை. அக்கா ஒரே கேள்வியில் உறைக்க வைத்துவிட்டார்.

நல்லவேளை, புதிய போர்டுக்கான பூட்லோடரும் என் லேப்டாப்பில் இருந்தது. கார்டைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினேன். கட்டளையை அடித்துவிட்டு, "எழுதட்டுமாக்கா?" என்று கேட்டேன். "எழுது, எழுது" என்றார். கார்டைத் திரும்ப மாட்டிக் கரண்ட் கொடுத்ததும் திரையில் எழுத்துகள் மளமளவென்று கொட்டின. பிரிண்டர் கிர்ரென்று முதல் லேபிளைத் துப்பியது. அத்தனை பெண்களும் போட்ட கூச்சலில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லாரி வந்து ஹாரன் அடித்தபோது பாதி மூட்டைகள் பாக்கி. டிரைவர் முணுமுணுத்தார், அவருக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தோம். நானும் மூட்டை மூட்டையாக லேபிள் ஒட்டினேன். ஒரு மூட்டைகூட மிச்சமில்லாமல் போளூருக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஒன்பது வரியையும் அழித்தேன். அந்த இடத்தில் மில் திரையில் தமிழில் ஒரே ஒரு கேள்வி வருகிற மாதிரி செய்தேன்: 'புதிய பூட்லோடர் வந்திருக்கிறது. எழுதலாமா?' கீழே இரண்டு பட்டன், எழுது, வேண்டாம்.

சித்திரையில் பூட்லோடரின் அடுத்த வெர்ஷன் வந்தது. மூன்று வாரம் இடுப்பொடிய உட்கார்ந்து கட்டினேன். அப்படி ஒரு சுத்தமான பேக்கேஜை நான் அதற்கு முன் கட்டியதில்லை. அனுப்பிய மறுநாள் அக்காவின் போன்.

"ஏம்மா, மிஷினு என்னைய கேக்குதும்மா! எழுதலாமான்னு என்னையப் பாத்து கேக்குது!"

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆமாக்கா, ரொம்ப நல்ல வெர்ஷன். எழுதுன்றத அமுக்குங்க" என்றேன்.

"இப்ப இன்னாத்துக்கும்மா? நல்லாதான ஓடினுக்குது," என்றார் அக்கா. "வேணாம்னு அமுக்கிட்டேன்."