அத்தான் சொன்ன புட்டியும் நான் வைத்த பட்டியும்

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் அத்தான் ஆசையாக இரண்டு ஸ்பீக்கரும் ஸ்டாண்டுகளும் வாங்கினார். நேற்று சுசீந்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்திலிருந்து போன் செய்தார்.

"மக்கா, பிள்ளை ஓடி முட்டினா ஸ்பீக்கர் கீழ விழும். ஸ்டாண்டுல நாலு மூலைக்கும் புட்டி வச்சு அமுக்கிரு."

துபாய் போய் மனுஷன் தமிழை மறந்துவிட்டார், பட்டியைப் புட்டி என்கிறார் என்று சிரித்துக்கொண்டேன். சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது வெடிப்பை அடைக்க வாங்கி மிஞ்சிய பட்டி மாவைக் குழைத்துத் தாராளமாக அப்பினேன்.

ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள் களிமண் மாதிரி இருந்த நீலப் பசையில் பல்லி செய்து அக்காவை அலறவிட்டது தனிக்கதை.

இன்று அத்தான் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கினார். அடியில் ஒட்டியிருந்த மரநிறத் தாள் உரிந்து ஸ்டாண்டிலேயே தங்கிவிட்டது.

"என்னடே இது, கல்லு மாதிரி இருக்கு?"

"பட்டி அத்தான். நீங்கதான சொன்னியோ?"

"ஏலே, அது சுவத்துக்குள்ளதுடே! நான் சொன்ன புட்டி பெட்டியில வந்த அந்த நீலப் பசை; துபாய்ல அதையும் புட்டின்னுதான் சொல்லுவாங்க. எப்ப வேணும்னாலும் பிச்சு எடுக்கலாம், ஒரு கீறல் விழாது. அது எங்க?"

பல்லி இருந்த அலமாரியை முதுகால் மறைத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். "என்ன ஆச்சு?"

அத்தான் என் பக்கம் திரும்பாமலே, "கடைக்காரன் அடி உரிஞ்சதைத் தலையில கட்டிட்டான்" என்றார்.

திட்டியிருந்தால் ஒரு கடி ஜோக் சொல்லித் தப்பியிருப்பேன். இப்போது அவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது.

இன்னொரு ஸ்பீக்கர் இன்னும் ஸ்டாண்டோடு ஒட்டித்தான் நிற்கிறது. பாட்டி வைத்தியம் வேண்டாம். பட்டி வைத்தியம் தெரிந்தவர்கள் கமென்டுக்கு வாருங்கள்.