தாவணியில் ஒட்டிய கப்பல்

என் டிரங்குப் பெட்டியின் அடியில் வெளுத்துப்போன பச்சைத் தாவணி ஒன்று கிடக்கிறது. அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செங்காவி நிறத்தில் ஒரு கறை. பெட்டியை ஒழிக்கும் போதெல்லாம் மருமகள் அதைத் தூக்கிப் பிடித்து, "இதையாவது கழிச்சிருவமா அத்தே?" என்று கேட்பாள். கூடாது என்பேன். அந்தக் கறை ஒரு கப்பலின் துரு. சாத்தான்குளத்துத் தேரிக்காட்டில் பிறந்தவள் நடுக்கடலில் கப்பலைத் தொட்டாள் என்பதற்கு அதைவிட்டால் எனக்கு வேறு அத்தாட்சி கிடையாது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு நாங்கள் மூன்று பேர் சாயர்புரம் பக்கம் ஒரு விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தோம். ஒருத்தி தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. அவள் வீட்டு ஆண்கள் எல்லாரும் தோணி ஓட்டுகிறவர்கள். இன்னொருத்தி புதுக்கோட்டைக்காரி, எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டாள். மூன்றாவது நான். கடற்கரைக்காரி ஒருநாள் சாப்பாட்டுப் பந்தியில், "நான் கப்பலத் தொட்டே பாத்திருக்கேன்ளா. ஆனை வயித்தத் தொட்ட மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். புதுக்கோட்டைக்காரி சோற்றிலிருந்து கையை எடுக்காமலே, "அப்ப எங்களையும் கூட்டிட்டுப் போயி தொட வையி. இல்லைன்னா பரீட்சை முடியிற வரைக்கும் ஒன் பேரு கப்பக்காரிதான்" என்றாள். மாதா கோயில் பார்க்கப் போகிறோம் என்று அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை விடியலில் அடுப்புக்கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் ஏறினோம். வழியில் கடற்கரைக்காரி என் காதோடு காதாக, தான் கப்பலைத் தொட்டதே இல்லை என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே துறைக்குப் போனோம். பஸ் நிலையத்தில் பஸ்ஸைத் தேடுவதுபோல நான் கரையோரம் முழுக்கக் கப்பலைத் தேடினேன். அங்கே தோணிகள்தான் நின்றன. "அன்னா தெரியுதுல்லா" என்று கடற்கரைக்காரி கையை நீட்டினாள். வானமும் கடலும் சேரும் இடத்தில் ஒரு கட்டெறும்பு நின்று புகைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் ஆழம் போதாது. கப்பல் மைல் கணக்கில் தள்ளித்தான் நங்கூரம் போடும், சரக்கெல்லாம் தோணியில்தான் போய்ச் சேரும். உள்நாட்டுக்காரிகளான எங்களுக்கு அது எங்கே தெரியும்? புதுக்கோட்டைக்காரி கட்டெறும்பையும் பார்த்தாள், தோழியின் கையையும் பார்த்தாள். "இங்கன நின்னா தொட்ட? கை நீளந்தான்" என்றாள்.

தோழியின் முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று நடந்து, புறப்படத் தயாராக இருந்த ஒரு தோணியின் முன்னால் போய் நின்றாள். அதன் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர், அவளுடைய பெரியப்பா. கப்பல் வரை எங்களைக் கூட்டிப் போக வேண்டும் என்று கேட்டாள். அவர் பாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொம்பளையாளு தோணில ஏறுத வழக்கமில்லளா. வீட்டுக்குப் போங்க." அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக யாரும் அந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டதில்லை. அவள் அண்ணாந்து பாய்மரத்தைப் பார்த்தாள். அங்கே பூச்சரம் சுற்றிய மாதா படம் ஒன்று கட்டியிருந்தது.

"அங்கன யார வச்சிருக்கீங்க பெரியப்பா?"

"மாதாவ."

"மாதா ஆம்பளையா?"

சிப்பம் சுமந்துகொண்டிருந்தவர்கள் சுமையோடு நின்று சிரித்தார்கள். பெரியப்பா மோவாயைச் சொறிந்தார், படத்தைப் பார்த்தார், தம்பி மகளைப் பார்த்தார். "ஏறித் தொலைங்க. கரைக்காத்து நிக்கதுக்குள்ள போவணும்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

தோணி நிறைய நிலாவரைச் சிப்பங்கள். எங்கள் ஊர்க் காட்டில் விளைகிற இலைதான். சின்ன வயதில் அந்தப் பேதிக் கஷாயத்துக்குப் பயந்து பனைமூட்டில் ஒளிந்தவள், அதன்மேலேயே ராணிபோல உட்கார்ந்து போனேன். புதுக்கோட்டைக்காரி பாதி வழியிலேயே காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டாள். கட்டெறும்பு வளர்ந்து வளர்ந்து ஒரு கரிய சுவராகி வெயிலையே மறைத்தது. அலை தோணியைத் தூக்கும்போது கப்பல் பக்கத்தில் வரும், கை நீட்டுவதற்குள் விலகிவிடும். இடையில் கை அகப்பட்டால் நசுங்கிப்போகும். பெரியப்பா தோழியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லும்போது தொடு" என்றார். அலை ஏறியது. "தொடு." தொட்டுவிட்டாள். அவள் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்த அன்றுகூட அவள் முகம் அப்படி இருக்கவில்லை. அடுத்து நான். அப்புறம், வாந்தி எடுத்த வாயைத் துடைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்காரி. கைகளெல்லாம் துரு. துடைக்க என் தாவணிதான் வாகாக இருந்தது. எங்கள் காட்டு இலை சிப்பம் சிப்பமாகக் கப்பலுக்குள் ஏறுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையில் எனக்கு அழுகை வந்தது.

போன வருஷம் மூன்று கிழவிகளும் புதுத் துறைமுகத்தைப் பார்க்கப் போனோம். இப்போது கப்பல் கரையை உரசிக்கொண்டே நிற்கிறது. அருகில் போனதும் காவல்காரப் பையன், "ஆச்சி, தொடக்கூடாது" என்றான். புதுக்கோட்டைக்காரி முந்திக்கொண்டு கடற்கரைக்காரியைக் காட்டினாள். "ஏலே, இவ நடுக்கடல்லயே தொட்டவ. நான் சாட்சி."

திரும்பும்போது கடற்கரைக்காரிக்கு மனசு பொறுக்கவில்லை. "அன்னைக்குத்தான்ளா நானும் மொதல்ல தொட்டேன். பந்தில சொன்னது பொய்யி" என்றாள். புதுக்கோட்டைக்காரி வெற்றிலையை மென்றுகொண்டே, "அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஒன்ன உசுப்பலைன்னா நம்ம மூணு பேரும் எப்பளா கடலுக்குப் போயிருப்போம்?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து தாவணியை எடுத்து மடியில் விரித்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, "அப்படி என்ன கறை அத்தே இது?" என்றாள். "எங்க மூணு பேரு கையிலயும் ஒட்டுன கப்பலு" என்றேன்.