கேமராவுக்குத் தெரியாத விரிசல்

பாலங்களைத் தட்டிப் பார்ப்பதுதான் அவளுடைய வேலை. பொதுப்பணி அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக ஆய்வாளர். தூண்களின் மேல் ஏறி, சின்னச் சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டி, உள்ளே கெட்டியாக இருக்கிறதா, பொள்ளலாக இருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு ‘சுத்தியல்’ என்ற பேரே நிலைத்துவிட்டது. தலைமைப் பொறியாளர் மட்டும் கோபம் வந்தால் அவளைச் சொந்தப் பேரில் கூப்பிடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் அவளைத் தன் அறைக்கு வரச் சொன்னார். மேசையில் கைக்கடக்கமான ஒரு கறுப்புக் கேமரா இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய அளவு. அவர் பொத்தானை அழுத்தியதும் அதன் லென்ஸ் ஆமைத் தலை போல வெளியே வந்தது.

“முப்பது மடங்கு ஜூம். கீழ நின்னுக்கிட்டே தூண் உச்சியைப் பாத்துடலாம்னு சொல்றாங்க. ரெண்டு வாரம் வச்சுப் பாத்து ஒரு அறிக்கை குடுங்க. சரின்னா பன்னெண்டு வாங்கிடலாம். அப்புறம் ஒருத்தரும் மேல ஏற வேண்டியதில்லை.”

“சரிங்க சார்” என்றாள். கடைசி வாக்கியம் மட்டும் காதிலேயே நின்றது.

காரணம், அவளுடைய வலது முழங்கால். ஒன்றரை வருடமாக அது அவள் பேச்சைக் கேட்பதில்லை. தட்டையான தரையில் பிரச்சினையில்லை. ஏணியில் மட்டும், எட்டாவது ஒன்பதாவது படியில், யாரோ உள்ளே ஆணி அடிப்பதுபோல இருக்கும். “ஏறுறதை விட்டுடுங்க” என்று மருத்துவர் சொன்னதை அவள் கணவனிடம் சொன்னாள். அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. ஏற முடியாத ஆய்வாளரை எங்கே உட்கார வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கோப்பு அறையில், ஜன்னல் இல்லாத பக்கத்தில்.

அன்று சாயங்காலம் கேமராவை வீட்டுக்கு எடுத்துப் போனாள். கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறவன், வீட்டில் எதற்கும் பதற மாட்டான். கேமராவை வாங்கி, பால்கனியிலிருந்து எதிர்வரிசைக் கட்டடங்களைத் தாண்டிப் பார்த்தான்.

“அடேங்கப்பா! அந்தக் கோடி மாடியில துணி காயுது பாரு. கிளிப்பு என்ன நிறம்னு கூடத் தெரியுது.”

“மத்தவங்க துணியை எதுக்குப் பாக்குறீங்க? குடுங்க இப்படி.”

“நீ பாலத்தைப் பாக்கலாம், நான் துணியைப் பாக்கக் கூடாதா?” என்று சிரித்தவன், கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்: “இது வந்துட்டா நீ ஏற வேண்டாம்ல?”

“வந்துட்டா வேண்டாம்.”

“அப்புறம் என்ன யோசனை? நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுத்துடு.”

அவளுக்கும் அதே ஆசைதான். ஆனால் எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டுமே.

பார்ப்பதை அவள் ஒழுங்காகவே செய்தாள். விரிசலின் அகலத்தை அளக்க ஒரு சின்ன அட்டை எப்போதும் அவள் பையில் இருக்கும். அதில் மெல்லியதிலிருந்து தடிமன் வரை கறுப்புக் கோடுகள் வரிசையாக இருக்கும். அதை அலுவலகத்தின் பின்சுவரில் ஒட்டி, பத்து மீட்டர், இருபது, முப்பது என்று தள்ளித் தள்ளி நின்று எடுத்தாள். கையில் பிடித்து எடுத்த படங்கள் முழு ஜூமில் ஆடிப்போயின. முக்காலியில் வைத்து, விரலின் அதிர்வு கூடப் படாமல் டைமரில் எடுத்தவை நன்றாக வந்தன. காலை வெளிச்சத்தில் துல்லியம். மதியம் தார் ரோட்டிலிருந்து எழுந்த சூட்டில் கோடுகள் எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தன. மேகம் மூடினால் படம் தூசு படிந்ததுபோலப் புள்ளி புள்ளியாக வந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். முப்பது மீட்டரில், காலை நேரத்தில், அரை மில்லிமீட்டர் கோடு பளிச்சென்று தெரிந்தது. கால் மில்லிமீட்டர் கோடு, இருக்கிறது என்று தெரிந்து தேடினால் தெரிந்தது.

‘பரவாயில்லையே’ என்று நினைத்துக்கொண்டாள். மனசு லேசாக இருந்தது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை ஆற்றுப் பாலத்துக்குப் போனாள். லிஃப்ட் வண்டி ஓட்டுநரும் வந்திருந்தார். லிஃப்ட் வண்டி என்பது லாரியின் முதுகில் மடக்கிய கையும் அதன் நுனியில் ஆள் நிற்கும் கூடையும் உள்ளது. அன்று அதற்கு வேலை இருக்காது என்று நினைத்து, அவர் வண்டி நிழலில் செய்தித்தாளை விரித்துவிட்டார்.

நாலாவது தூணின் உச்சியில் ஒரு விரிசல் இருப்பது அவளுக்குத் தெரியும். போன வருடம் அவளே கண்டுபிடித்தது. மேலிருந்து இறங்கும் அது எங்கே முடிகிறது என்று மெழுகுச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவிட்டு வந்திருந்தாள். கரையில் முக்காலியை ஊன்றி, கேமராவைத் தூண் உச்சிக்குத் திருப்பி, முழு ஜூமில் எடுத்தாள். திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். தன் கையெழுத்து, தன் தேதி, ஏழு என்ற எண்ணுக்குத் தான் போடும் குறுக்குக் கோடு கூடத் தெரிந்தது.

“தம்பி, இங்க வந்து பாருங்க.”

ஓட்டுநர் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார். “யம்மாடி! கிட்டப் போய் எடுத்த மாதிரி இருக்கேக்கா. இனிமே எனக்கு வேலையே இல்ல போலிருக்கு.”

“தேதி தெரியுது. விரிசல் எங்க?”

அவர் கண்ணைச் சுருக்கித் தேடினார். “எங்க இருக்கணும்?”

“சாக்பீஸ் கோட்டுக்கு மேல.”

சாக்கோட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. கல்யாண ஆல்பத்தில் முகத்தின் மருவையும் வடுவையும் துடைத்துவிடுவார்களே, அந்த மாதிரி கான்கிரீட் வழவழவென்றிருந்தது. இன்னும் ஆறு படம் எடுத்தாள். ஆறும் அப்படியே. வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடு இருந்தால் கேமரா கண்டுகொள்கிறது. சாம்பல் நிறத்தில் சாம்பல் நிறக் கோடு இருந்தால், அதைத் தூசு என்று நினைத்து அதுவே பூசி மெழுகிவிடுகிறது.

ஒருவேளை விரிசல் மூடிக்கொண்டதோ? மூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பார்க்காமல் எழுத முடியாது.

“வண்டியை எடுங்க தம்பி. மேல போகணும்.”

கூடை அவளைத் தூண் தலைக்குக் கீழே பன்னிரண்டு படி வரைதான் கொண்டுபோனது. மீதிக்குத் தூணோடு பதித்த இரும்பு ஏணி. இடுப்பு வாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஏறினாள். எட்டாவது படியில் முழங்காலுக்குள் ஆணி இறங்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். விரிசல் அங்கேயே இருந்தது. சாக்கோட்டைத் தாண்டிக் கீழே ஒரு சாண் நீளம் வளர்ந்திருந்தது. அட்டையை வைத்து அளந்தாள்: கால் மில்லிமீட்டராக இருந்தது, இப்போது அட்டையில் அதற்கு அடுத்த தடிமன் கோட்டின் அளவு. சுத்தியலால் தட்டினாள். சாக்கோட்டுக்குக் கீழே கணீரென்ற சத்தம், மேலே காலிப் பெட்டியைத் தட்டினதுபோல.

இறங்கும்போதுதான் கால் மடங்க மறுத்தது. ஒன்பதாவது படியில் கம்பியை அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கீழே ஆறு அதன் பாட்டுக்கு ஓடியது. ஓட்டுநருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை, கூடையை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, அவள் பாதத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். ஒற்றைக் காலில் அவள் உள்ளே இறங்கினாள்.

தரைக்கு வந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “எத்தனை நாளாக்கா இப்படி?”

“ரொம்ப நாளா.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“வேண்டாம். நானே சொல்லிடறேன்.”

அறிக்கையை அன்றே எழுதினாள். கேமராவால் முடிந்ததை மறைக்கவில்லை: துருக்கறை, பெயர்ந்த காரை, நீர்க்கசிவு, செடி முளைத்த இடம், எல்லாம் கீழிருந்தே தெரிகின்றன, எங்கே ஏற வேண்டும் என்று சொல்ல அது போதும். மெல்லிய விரிசலைக் காட்டாது. உள்ளே பொள்ளலா என்று சொல்லவே சொல்லாது. ஏறுவதற்குப் பதிலாக வாங்கக் கூடாது. ஏழு படங்களையும், கையால் அளந்த அளவையும் இணைத்தாள்.

தலைமைப் பொறியாளர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவளைச் சொந்தப் பேரில் கூப்பிட்டார்.

“பன்னெண்டுன்னு மேலிடத்துல சொல்லிட்டு வந்துட்டேன். கொஞ்சம் பாத்து எழுதியிருக்கலாமே?”

“பாத்துதான் சார் எழுதினேன்.”

அவர் நாலாவது தூணின் படத்தையும் அவள் கையால் அளந்த அளவையும் மறுபடி பார்த்தார். அப்புறம் தொலைபேசியை எடுத்து, அந்தப் பாலத்தில் கனரக வண்டிகளை நிறுத்தச் சொன்னார். அவர் வைக்கும்வரை நின்று, முழங்கால் விஷயத்தை அவள் சொன்னாள். இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

“இதை இத்தனை நாள் மறைச்சு வச்சிருந்தீங்களா?”

“ஆமா சார்.”

“மேல மாட்டிக்கிட்டிருந்தா?”

அவர் எழுத்துப்பூர்வமாக ஒரு எச்சரிக்கை கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

கேமரா பன்னிரண்டு வரவில்லை, மூன்று வந்தது. நாலாவது தூணைச் செப்பனிட ஐந்து வாரம் பிடித்தது. கோப்பு அறைக்கு அவளை அனுப்பவில்லை. தரையில் நின்று படமெடுத்து, ஏற வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். ஏறுவதற்கு வேறு கோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கெட்டிக்காரிகள். மேலேயிருந்து அவர்கள் தட்டும் சத்தம் கீழே சரியாகக் கேட்பதில்லை என்பதுதான் அவளுக்கு ஒரே குறை.

“கணீர்னு கேக்குதா, டொப்புனு கேக்குதா?” என்று வாய்க்குக் கையைக் குவித்துக் கத்துவாள்.

“கணீர்னுதான்க்கா!”

குறித்துக்கொண்டு, முக்காலியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தூணுக்குப் போவாள்.