மூன்றாம் எண் கதிரை

1.
கதிரை வாங்கப் போனால் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் அழகுதான். திருகாணியும் ஒட்டுப்பலகையின் விளிம்பும்தான் வயதைச் சொல்லும். போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் டிசைனர் கதிரைகளை லண்டனில், ஸ்ட்ரெதமில் இருபது வருடமாக வாங்கி விற்கிறேன். விற்காமல் வைத்துக்கொண்டவை மூன்று. மெல்லிய இரும்புக் கால், நுனியில் சிறு குண்டு. இருக்கையின் கீழே யாரோ ஒரு தச்சர் பென்சிலால் போட்ட எண்கள்: ஒன்று, இரண்டு, நான்கு. மூன்றை ஒன்பது வருடம் தேடினேன்.

2.
அது ராசனிடம் அகப்பட்டது. பாரிஸிலிருந்து வந்து லண்டனின் கிழக்கே குட்மேய்ஸில் கடை போட்டவர்; எனக்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர். நான் விடியச் சந்தைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவேன். அவர் பத்து மணிக்கு வந்து நல்ல சாமானோடு போவார். அதிஷ்டக்காரன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அவருக்கு நல்ல சாமானைக் கண்டுபிடிக்கிற கண் இருந்தது, அதைச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்தக் கதிரையைத் தன் வான் வண்டியில் ஏற்றி என்னிடமே கொண்டுவந்தார். இல்ஃபோர்டில் ஒரு வீட்டைக் காலிசெய்தபோது கிடைத்ததாம்.

"அண்ணை, சரியான சாமானோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

கவிழ்த்தேன். அதே மெல்லிய இரும்புக் கால், அதே குண்டு, பென்சிலில் மூன்று. என்னுடைய மூன்று கதிரைகளும் பின்னறையில் இருந்தன. கதவு சாத்தியிருந்தது.

"இருக்கை சரி. கால் பிறகு ஆரோ மாத்தினது," என்றேன்.

மனம் விட்டுப்போய் மலிவாகத் தருவார் என்று கணக்குப் போட்டேன்.

3.
இரண்டு கிழமை கழித்து, அதை இருக்கிறபடியே எடுக்கிறேன் என்று போன் செய்தேன். வந்து பாருங்கோ என்றார்.

கதிரைக்கு மரக்கால் பூட்டியிருந்தார். அதே காலத்து உடைந்த கதிரை ஒன்றிலிருந்து கழற்றியவை. வேலை என்னுடையதைவிடச் சுத்தம். அந்த நேரத்திலும் அது எனக்கு எரிந்தது.

"நீங்கள் சொல்லாட்டி பிழையான காலோட வித்திருப்பன். பேர் கெட்டிருக்கும், அண்ணை."

பழைய கால்கள் எங்கே என்று கேட்டேன்.

"பழைய இரும்பு எடுக்கிறவன் கொண்டுபோயிட்டான். பிழையான கால் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கேட்ட விலைக்கே வாங்கினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்கு வேண்டிய கதிரையைப் பற்றி யாராவது அபிப்பிராயம் கேட்டால், அபிப்பிராயம் சொல்லாதீர்கள். அது எனக்கு வேண்டும் என்று சொல்லுங்கள்.

ராசன் இன்றும் சாமான் கொண்டுவந்து காட்டுகிறார். கவிழ்ப்பதற்கு முன் பின்னறைக் கதவைத் திறந்துவிடுகிறேன். முதல் தடவை திறந்தபோது நாலு கதிரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மரக்கால் வைத்ததன்முன் குனிந்து, பக்கத்துக் கதிரையின் இரும்புக் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, கொண்டுவந்த கதிரையைத் தானே கவிழ்த்துப் பார்த்தார்.