வெர்லீனின் மேலுதடு

கண்ணை இறுக மூடிக்கொண்டு பூந்தண்டை மேலுதட்டில் ஒற்றி மெல்ல இழுக்கிறாள் வெர்லீன். பூதக்கண்ணாடி கழுத்தில் சும்மா தொங்குகிறது. "கண்ணு ஆசப்பட்டதத்தான் பாக்கும். ஒதட்டுக்கு ஆச கெடையாது" என்பாள். இதைக் கேட்டால் அவள் கணவன் ஹோபர்ட் என்ன சொல்வானோ, தெரியாது.

வர்ஜீனியா மலைப்பக்கத்துச் சிற்றூரில் பெண்களுக்கு முடி திருத்துவது அவள் பிழைப்பு. படிகாரவேர்ச் செடி அவள் பைத்தியம். வேரைக் கடித்தால் படிகாரம் போல வாயைச் சுருட்டி இழுக்கும், அதனால் அந்தப் பெயர். வந்தவள் தலைக்குச் சாயம் பூசிவிட்டு, அது ஊறுகிற நேரத்தில் கையுறையோடு கடைக்குப் பின்னாலிருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு ஓடிவிடுவாள். "அடியே, இங்க என் தல வேகுது! செடியப் பாத்தது போதும், வாடி!" என்று உள்ளிருந்து கத்துவாள் வாடிக்கைக்காரி ஜூவெல்.

இந்தச் செடியில் ஊரெல்லாம் கிடைக்கும் வகைக்கு, குட்டிப் பூவுக்கு வெளியே மகரந்த இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். உதட்டில் பட்டால் கூசும். அரிய வகைக்குப் பூ கொஞ்சம் நீளம், இழைகள் உள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். இலையை வைத்துச் சொல்வது வம்பு. வெள்ளித் தேமல் இரண்டுக்குமே விழும். இது வெர்லீனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சாலையை அகலப்படுத்தப் பாறையைத் தகர்க்கப் போகிறார்கள் என்று குளிர்காலத்தில் கேட்டதும், தேமல் இலையைக் காட்டி, "இது அபூர்வ வகைங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். பூக்கட்டும், பார்க்கலாம் என்று வேலையை நிறுத்தி வைத்தார்கள்.

மே மாதம் பூத்துவிட்டது. சாலைத் துறை ராய்ஸ் வந்து நிற்கிறான்.

"எங்க ஆபீஸ்ல செடி பாக்கத் தெரிஞ்ச ஆளு இல்லக்கா. நீங்க சொல்றதுதான். அந்த வகைன்னா ரோட்ட வளச்சுப் போட்டுருவோம்."

கடையின் பின்வாசலில் சாயத் தலையோடு ஜூவெல். "அதேதான்னு சொல்லித் தொலையேன்டி!"

வெர்லீன் இன்னொரு தண்டை ஒற்றிப் பார்க்கிறாள். அப்புறம் இன்னொன்று. பாறை இல்லாத அந்த இடத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பொய் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"இங்க வா தம்பி. கண்ண மூடு" என்கிறாள். தண்டை அவன் மேலுதட்டில் வைத்து இழுக்கிறாள்.

"ஐயோ, கூசுதுக்கா!" என்று சிரித்துக்கொண்டே பின்வாங்குகிறான் ராய்ஸ்.

"கூசுனா, அது ஊரெல்லாம் கெடைக்கிற வகதான் தம்பி" என்கிறாள் வெர்லீன். அவள் சிரிக்கவில்லை. சாயக் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையைப் பாறையின்மேல் வைக்கிறாள்.