துப்பாக்கி வூட்டுப் பொண்ணு

தேங்காயெண்ணெயும் கரிமருந்தும் கலந்த ஒரு வாடை எங்கள் வீட்டுக் கூடத்தில் எப்போதும் இருக்கும். நாட்டுத் துப்பாக்கியின் குழலைத் துணி சுற்றிய கம்பியால் துடைத்துத் துடைத்து, அப்பா அந்த வாடையைச் சுவரிலேயே ஏற்றிவிட்டிருந்தார். வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில், ஊரைவிட்டுத் தள்ளிக் கடலைக்காட்டின் நடுவே தனியாக நின்ற வீடு அது. மலையிலிருந்து இறங்கும் பன்றிகளை விரட்டுவதற்கென்று சர்க்கார் அப்பா பெயருக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தது. கடலை பிஞ்சு பிடிக்கும் காலத்தில், பொழுது சாயும்போது வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். "வெடிச்சிட்டாரு, இனி கவலையில்ல" என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் நிம்மதியாகச் சோறு தின்னப் போவார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். ஆள் செத்தால் லைசென்சும் செத்தது என்பது வெள்ளைக்காரன் சட்டம். ஊர் மணியக்காரரிடம் கையெழுத்து வாங்கி, துப்பாக்கியை வைக்கோலுக்குள் மறைத்து வண்டியில் ஏற்றிப் பெரம்பலூர் போலீஸ் டேசனில் அம்மாவே ஒப்படைத்துவிட்டு வந்தாள். தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டதற்குக் தாலுக்கா கச்சேரியில் ஒருவர் சிரித்தாராம். "ஒங்க கையிலேருந்து எவனாவது புடுங்கிக்கிட்டுப் போனா யாரும்மா ஜவாப்பு?"

அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் பூண் கழன்ற பழைய உலக்கை ஒன்றைத் துப்பாக்கியின் துணி உறைக்குள் நுழைத்து, வாயைக் கட்டி, அதே ஆணியில் மாட்டினாள். "ஆம்பள இல்லாத வூடுன்னா ஆளாளுக்கு நாட்டாமை பண்ண வருவானுங்க. துப்பாக்கி இருக்குன்னு நெனச்சா எட்டி நிப்பானுங்க. யாரையும் உள்ள வுடாத. வாசலோட பேசி அனுப்பு" என்றாள். எங்கள் நிலத்தின்மேல் கண் வைத்திருந்த, அப்பாவின் பங்காளி ஒருவர் வெளியூரில் இருந்தார். அவரை நினைத்துத்தான் சொன்னாள்.

அந்த உத்தரவில் பறிபோனது என் சிநேகிதி செல்லம். மணியக்காரரின் மகள், என் வயதுக்காரி, எங்கள் கூடத்தில் என்னோடு பல்லாங்குழி ஆடியே வளர்ந்தவள். அவள் வந்தால் எப்படித் தடுப்பது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவளோ தானாகவே வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் "துப்பாக்கி வூட்டுப் பொண்ணு" என்று பிள்ளைகள் ஒதுங்கினார்கள். துப்பாக்கிக்குப் பயப்படுகிறார்கள் என்றே நினைத்தேன். அது உலக்கைதான் என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். அம்மாவின் முகம் நினைவுக்கு வரும், விழுங்கிக்கொள்வேன். பல்லாங்குழியில் இரண்டு பக்கமும் நானே ஆடினேன். அதிலும் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன்.

வெடிச் சத்தம் ஏன் கேட்பதில்லை என்று வேலிக்கு அப்பாலிருந்து யாராவது விசாரித்தால், "சண்டை நடக்குதுல்ல, மருந்து கெடைக்கல" என்பாள் அம்மா. அவர்களும் "ஆமாங்க, எதுதான் கெடைக்குது" என்று பெரிதாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பன்றிகளிடம் இந்தச் சமாதானம் செல்லவில்லை. அம்மா தகரத்தைத் தட்டத் தட்ட, அவை பாட்டுக்குக் கடலையைக் கிளறித் தின்றன.

ஒருநாள் அந்தப் பங்காளி வரப்பை அளக்கவேண்டும் என்று எகிறிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றவர் கண் உள்ளே ஆணிக்குப் போனது. குரல் இறங்கிவிட்டது. "அப்புறம் பேசிக்கலாம், போயிட்டு வரேன்" என்று நடையைக் கட்டினார். அப்பா செத்த பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நிலம் தப்பியது. அந்த ஆணியில் உறை தொங்கிய காலம் முழுக்க, நான் கல்யாணமாகிப் போகும்வரை, எங்கள் வீட்டுக்குள் வெளியாள் காலடி படவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. கடலைக்காடு மக்காச்சோளக் காடாகிவிட்டது. அங்கே இப்போது பன்றி விரட்ட வெடி வெடிக்கிற யாரையும் எனக்குத் தெரியாது. அம்மாவும் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. போன மாதம் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்தில் செல்லத்தைப் பார்த்தேன். பல் கொட்டியிருந்தாலும் வாய் ஓயவில்லை. இனி யாருக்கு மறைப்பது என்று உலக்கைக் கதையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"ஊருக்கே தெரியுமேடி. எங்கப்பாதான கையெழுத்துப் போட்டாரு? ஒங்க பங்காளிக்கு மட்டுந்தான் தெரியாது. அந்தாளுகிட்ட, 'அந்தம்மா கோவக்காரி, சுட்டாலும் சுட்டுரும்'னு சொல்லி வச்சதே எங்கப்பாதான்."

"அப்ப நீ ஏண்டி வரல?"

"எனக்கு ஓட்ட வாயி. உள்ள வந்து பாத்துட்டு எங்கயாச்சும் ஒளறிட்டா, ஒங்கம்மா நெலம என்னாவறது? போவக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. எல்லார் வூட்லயும் புள்ளைங்களுக்கு அதான் சொல்லியிருந்தாங்க."

ஊரே எங்களுக்குக் காவல் இருந்திருக்கிறது. கையெடுத்துக் கும்பிடவேண்டிய காரியம், மறுக்கவில்லை. பந்தியில் இலை போட்டுக் கூப்பிட, போய் உட்கார்ந்தோம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தவளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. ஒரே ஒருநாள் உள்ளே வந்து, ஊரெல்லாம் உளறித் தொலைத்திருக்கக் கூடாதா இவள்?